வட்டின் பெயரும் முகவரியும்



கணிப்பொறிப் பணிக்குச் செல்லவிருக்கும் நம் பிள்ளைகள் ஒரு வினாவிற்கு விடை அறிந்திருத்தல் வேண்டும். ஒரு பொறியில் நான்கு வட்டுகள் இருப்பின், 'அழி' என்று நாம் இடும் ஆணை எந்த வட்டைச் சென்றடைகிறது? மாறிச் சென்றால் ஓர் அலுவலகத்தின் பல்லாண்டுப் பதிவேடுகள் மறைந்துவிடும்.

1986-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தரநெறியாக ஏற்கப்பெற்ற 'ஸ்கசி' முறையில் ஒரே வடத்தில் எட்டு முகவரிகள், 0 முதல் 7 வரை. அவற்றுள் ஒன்றைப் பொறியின் இணைப்பு அட்டையே எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் 7. ஒரே வேளையில் இருவர் வடத்தைக் கேட்டால் 7-க்கே முதலுரிமை என்பது காரணம். ஒரு முகவரிக்குள் பல உட்பிரிவுகளும் இருக்கலாம். ஆகவே லினக்ஸ் இயங்குதளம் இத்தகைய வட்டை நான்கு எண்களால் குறிக்கிறது: எந்த அட்டை, அட்டையில் எந்தத் தடம், தடத்தில் எந்தக் கருவி, கருவியில் எந்த உட்பிரிவு. ஊர், தெரு, கதவிலக்கம் எனக் கடிதத்தின் மேல் நாம் எழுதுவதும் இவ்வாறன்றோ!

இப்பணியை மூன்று அடுக்குகள் பகிர்ந்துகொள்கின்றன. மேலடுக்கு வட்டா, நாடாவா, குறுந்தகடா என்னும் வகையை அறியும். கீழடுக்கு குறிப்பிட்ட அட்டையின் நுட்பத்தை மட்டும் அறியும். நடுவடுக்கு கட்டளைகளை அனுப்பி, விடை வராவிடில் மீண்டும் முயலும். புதிய அட்டை வந்தால் கீழடுக்கில் ஓர் இயக்கியை எழுதினால் போதும். சாட்டா வட்டும் யுஎஸ்பி நினைவகமும் இவ்வழியிலேயே ஸ்கசி வட்டுகளாகத் தோன்றுகின்றன. என்விஎம்இ வட்டுகளுக்கோ தனி வழி உண்டு.

இடர் எங்கே? 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' என்னும் பெயர்கள் முகவரியிலிருந்து பிறப்பவை அல்ல. கண்டறியப்பட்ட வரிசையில் சூட்டப்படுபவை. இன்று எஸ்டிபி ஆக இருக்கும் வட்டு, வேறொன்று முந்திக்கொண்டால், நாளை எஸ்டிசி ஆகலாம். நேற்றைய பெயரை நம்பி அழிப்பவர் பிறிதொரு வட்டை அழிப்பார். இதனைத் தவிர்க்கவே கோப்பு முறைமையினுள் பதிந்துள்ள 'யுயுஐடி' என்னும் அடையாளத்தைக் கொள்கிறோம். வட்டு எங்குச் சென்றாலும் அது உடன் செல்லும். ஆயினும் வட்டை அப்படியே படியெடுத்தால் அவ்வடையாளமும் படியாகிவிடும். இரண்டையும் ஒரே பொறியில் பூட்டினால் குழப்பமே. அவ்விடத்து உற்பத்தியாளர் இட்ட வரிசை எண்ணே துணை. 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையில் அவ்வெண்ணையும் கேட்டு, வட்டின் மேல் ஒட்டியுள்ள தாளோடு ஒப்பிட்ட பின்னரே அழிக்கும் ஆணையை இடுக.