பொருள் சொன்னவர் யார்?



மட்கலக் குறியீடுகள் பற்றிய கருத்தரங்கு இது. தலைமை உரை ஆற்றுபவர் எல்லாக் கட்டுரைகளையும் ஆளுக்கு ஒரு வரி தொட்டுச் செல்வது வழக்கம். அதை இன்று விட்டுவிட்டு, ஒரு மக்கள் கூட்டத்தின் பானைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் பியூப்ளோ மக்கள் அவர்கள். நியூ மெக்சிகோவில் 19 பியூப்ளோ ஊர்கள் இருக்கின்றன. அரிசோனாவில் ஹோப்பி ஊர்கள். டேவா, கெரெஸ், சூனி, ஹோப்பி என்று அவர்கள் பேசும் மொழிகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆகவே ‘பியூப்ளோ குறியீடு’ என்று ஒருமையில் பேசத் தொடங்கும்போதே கொஞ்சம் தயங்கவேண்டும்.

குறியைப் பார்க்கும் முன் கலத்தைப் பார்த்துவிடுவோம். குயவர் என்றதும் நம் மனம் சக்கரத்துக்குப் போகிறது. இங்கே சக்கரம் இல்லை. களிமண்ணைக் கயிறு கயிறாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, சுரைக்குடுக்கைத் துண்டால் வழித்து உயர்த்துகிறார்கள். ஆற்றுக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். அந்தக் கல் தாயிடமிருந்து மகளுக்குப் போகும் சொத்து. யுக்கா இலையை நார் பிரியும்வரை மென்று தூரிகை ஆக்குகிறார்கள். ஒருவகைக் காட்டுச்செடியை வெகுநேரம் காய்ச்சி இறக்கினால் கறுப்பு வண்ணம். சூளை கட்டுவதில்லை, திறந்த வெளியில் விறகும் சாண வறட்டியும் அடுக்கிச் சுடுகிறார்கள்.

ஆகோமா, சூனி ஆகிய ஊர்களில் பழைய பானை ஓடுகளை இடித்துப் பொடியாக்கிப் புது மண்ணோடு பிசைவார்கள். சுடும்போது கலம் வெடிக்காமல் இருக்க அது உதவுகிறது என்பது தொழில்நுட்பக் காரணம். ஆனால் இடிக்கப்படும் ஓட்டில் அதற்கும் முந்தைய ஓட்டின் பொடி இருக்கும். மண்ணை வெட்டும் முன் மண் தாயை வேண்டிக்கொள்ளும் மக்களுக்கு இது வெறும் தொழில்நுட்பம் அல்ல. பொருள் தேடி உருவங்களைத் துருவும் ஆய்வாளர் பலர் இந்த மண்ணைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். குறியீட்டு ஆய்வின் முதல் குறை அதுதான் என்பது என் கருத்து.

இனி உருவங்கள். படிக்கட்டு வடிவம் மேகம். சில ஊர்களில் மலையும்கூட. வளைந்து ஒடியும் கோடு மின்னல். ஆகோமாவின் நெருக்கமான மெல்லிய கோடுகள் மழை. சூனிக் கலங்களில் தவளையும் தலைப்பிரட்டையும் தட்டானும் வருகின்றன. எல்லாம் நீரைச் சார்ந்தவை. சூனி மானின் வாயிலிருந்து நெஞ்சுக்குள் ஒரு சிவப்பு அம்பு ஓடும். அதை உயிர்க்கோடு என்கிறார்கள். சாண்டா கிளாராவின் கரடிப் பாதம், வறட்சியில் மக்களுக்குத் தண்ணீர் காட்டிய கரடியின் நினைவு. சான் இல்டெஃபோன்சோவின் அவான்யு, கொம்புள்ள நீர்ப்பாம்பு. வறண்டு கிடக்கும் ஓடையில் திடீரென்று சீறிவரும் வெள்ளத்தைக் கண்டவருக்கு அதன் நெளிவை விளக்கவேண்டியதில்லை. வானம் பார்த்து மக்காச்சோளம் விதைக்கும் நிலத்தில் பானை மழையைப் பேசாமல் வேறு எதைப் பேசும்?

இந்தப் பட்டியலைச் சுற்றுலா நூல்களிலும் காணலாம். எனக்குள்ள கேள்வி வேறு: இந்தப் பொருள்களை யார், யாரிடம், எப்போது சொன்னார்கள்?

மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸிடம் பயின்ற ரூத் பன்ஸல் 1924இல் சூனிக்குப் போனார். அவர் எழுதிய நூல் 1929இல் வந்தது. கலங்களுக்குப் பதிலாக வனையும் பெண்களை ஆய்வின் நடுவில் வைத்தது அதன் பெருமை. சூனியில் அவருக்கு உருவங்களின் பொருள் விளக்கம் தாராளமாகக் கிடைத்தது. மற்ற ஊர்களில் அந்த அளவுக்கு இல்லை. அங்கே உருவங்கள் வெறும் அலங்காரம் என்று முடிவு கட்டலாமா? அவசரப்படக் கூடாது. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் இவர்களின் சடங்கு முகமூடிகளைக் கைப்பற்றி எரித்தவர்கள். 1680இல் பியூப்ளோ ஊர்கள் ஒன்றுசேர்ந்து கிளர்ந்தெழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பன்ஸல் போன காலமும் நல்ல காலம் அல்ல. பழங்குடி விவகார ஆணையர் சார்ல்ஸ் பர்க் 1921லும் 1923லும் சுற்றறிக்கை அனுப்பி, சடங்கு நடனங்களைக் கட்டுப்படுத்த முனைந்திருந்தார். அந்த நேரத்தில் வெளியூர்க்காரி ஒருத்தி வந்து இதற்கு என்ன பொருள் என்று கேட்டால், ‘ஒன்றுமில்லை, சும்மா அழகுக்கு’ என்பதுதான் புத்திசாலியின் பதில். அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கலாம், அதை மறுக்கவில்லை.

எதிர்த் திசையில், ஆய்வாளரே பொருளை ஏற்றிச் சொன்னதும் நடந்திருக்கிறது. தொல்லியலாளர் ஜெஸ்ஸி வால்ட்டர் ஃப்யூக்ஸ் 1895இல் சிக்யாட்கியில் அகழ்ந்தார். ஸ்பானியர் வருமுன்பே கைவிடப்பட்ட ஹோப்பி ஊர் அது. அங்கே கிடைத்த கலங்களின் பறவைகளுக்கும் இறகுகளுக்கும் தம் காலத்து ஹோப்பிச் சடங்குகளை வைத்து அவர் பொருள் எழுதினார். நூற்றாண்டுகளின் இடைவெளியை அவ்வளவு எளிதாகத் தாண்டிவிட முடியுமா? அதே ஓடுகளை ஹானோ ஊரின் குயவர் நம்பேயோ வேறு விதமாகப் படித்தார். உருவங்களைத் தன் கைக்குப் பழக்கி, புதிய அகன்ற கலங்களில் ஓடவிட்டார். அவர் குடும்பம் இன்றும் வரையும் புலம்பெயர்வுக் கோலம் அப்படி வந்ததுதான். ஃப்யூக்ஸின் விளக்கவுரையைவிட நம்பேயோவின் பானைகள் எனக்கு நம்பகமாகப் படுகின்றன.

சான் இல்டெஃபோன்சோவின் மரியா மார்ட்டினெஸ் வனைந்தார், கணவர் ஜூலியன் வரைந்தார். கறுப்பின்மேல் கறுப்பு என்ற அவர்களின் முறை ஏறக்குறைய 1919இல் உருவானது. எரியும் குவியலைப் பொடிச் சாணத்தால் மூடிக் காற்றை அடைத்துவிட்டால் செம்மண் கறுத்துவிடும். ஜூலியன் வட்டமாக அடுக்கிய இறகுக் கோலம் புகழ்பெற்றது. அதை அவர் எடுத்தது தெற்கே வெகுதொலைவில், எண்ணூறு ஆண்டுகளுக்கும் முந்தைய மிம்பிரஸ் கிண்ணங்களிலிருந்து. இன்று கடைகளில் அதற்கு ஓர் ஆன்மிக விளக்கச் சீட்டும் கிடைக்கிறது! மிம்பிரஸ் ஓவியர், ஜூலியன், கடைக்காரர் ஆகிய மூவரின் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எதுவும் பொய் என்றும் சொல்லமாட்டேன்.

கடையைத் தாண்டி அரசுக் கொடிக்குப் போன உருவமும் உண்டு. நியூ மெக்சிகோவின் கொடியில் உள்ள சூரியன் சியா ஊரின் சடங்குக் கலம் ஒன்றிலிருந்து வந்தது. ஹாரி மேரா வரைந்த அந்தக் கொடியை 1925இல் மாநிலம் ஏற்றது. சியா மக்களிடம் எவரும் கேட்கவில்லை. இப்போது அந்தச் சூரியன் தெருவெங்கும் வணிகச் சின்னம். 1990களில் சியா மக்கள் இழப்பீடு கேட்டதில் எனக்கு வியப்பில்லை.

அண்மையில் ஒரு நல்ல மாற்றம். 2022இல் சாண்டா ஃபேயில் தொடங்கி மறு ஆண்டு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குச் சென்ற கண்காட்சியில், கலங்களைத் தேர்ந்தெடுத்ததும் அவற்றைப் பற்றி எழுதியதும் 60க்கும் மேற்பட்ட பியூப்ளோ மக்களே. பலர் உருவத்துக்கு விளக்கம் எழுதவில்லை. பாட்டியின் கையை, அடுக்களையை, தண்ணீர் சுமந்த நடையை எழுதினார்கள்.

ஆகவே கட்டுரை வாசிக்கும் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு கலம் எந்த அடுக்கில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்று குறிக்கிறோம் அல்லவா? ஒரு விளக்கத்துக்கும் அப்படியே குறியுங்கள். சொன்னவர் வனைபவரா, பூசாரியா, வணிகரா, ஆய்வாளரா? சொன்ன ஆண்டு எது? காசு கைமாறியதா? விளக்கம் மறுக்கப்பட்டிருந்தால் அதையும் தரவாகப் பதியுங்கள். விடுபட்ட கட்டமாக விடாதீர்கள்.

முதல் அமர்வு மிம்பிரஸ் கிண்ணங்களைப் பற்றியது. அடியில் துளையிட்டு, இறந்தவரின் முகத்தின்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டவை அவற்றில் பல. கல்லறைகளைத் தோண்டிச் சூறையாடியே பெருமளவு சந்தைக்கு வந்தன. புதைகுழிப் பொருள்களை உரிய மக்களிடம் திருப்பித் தர 1990இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. துளையுள்ள கிண்ணங்களின் படங்களை இங்கே திரையில் காட்டவேண்டாம் என்று தலைவர் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். கோட்டுருவமும் கூடாதா என்று முதல் கட்டுரையாளர் காலையிலேயே கேட்டார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. அவர் தம் வாதத்தை முதலில் சொல்லட்டும், அவை கேட்டு முடிவெடுக்கும். அவரை மேடைக்கு அழைக்கிறேன்.