பங்குக் கோயிலில் யாருக்குப் பங்கு?

(அரும்பாவூரில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாமி சிலை செதுக்குகிற ஊருக்கு வந்து கோயில் கதை பேசுகிறேன். ஆசாரி கையில் இருக்கிறவரைக்கும் அது வெறும் மரம். கோயிலுக்குள்ளே போன பிறகுதான் யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்கிற கேள்வியெல்லாம்.

கச்சத்தீவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 285 ஏக்கர். குடிதண்ணி இல்லை, குடியிருப்பு இல்லை. அங்கே ஓர் அந்தோணியார் கோயில். நம்புதாளை சீனிக்குப்பன் படையாச்சி கட்டினது என்பார்கள். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போயிற்று. கோயில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. 2016இல் புதுக் கட்டடம் எழும்பியது. திருவிழாவுக்கு இரண்டு கரையிலிருந்தும் படகு போகும், முடிந்ததும் திரும்பிவிடும். அந்தத் தீவில் ஊர்த்தெரு இல்லை, சேரியும் இல்லை. காரணம் லேசானது: ஆளே இல்லை.

ஆள் இருக்கிற இடத்துக்கு வருவோம். வடக்கன்குளம். 1872இல் கட்டிய திருக்குடும்பக் கோயிலுக்கு ஒரு பீடம், இரண்டு கூடம். கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி. வெள்ளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று, நடுவே சுவர். நான் வங்கியில் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதிப் பிழைக்கிறவன். சாயங்காலம் இரண்டையும் நேர் செய்யாமல் வீட்டுக்குப் போக முடியாது. இங்கே நேராகவே கூடாது என்று கட்டடமே கட்டினார்கள்! 1910இல் கௌசானல் சாமியார் சுவரை இடித்தார். வெள்ளாளர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் இதை எழுதியிருக்கிறார்.

சுவர் இடிந்தால் போதுமா? உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூரைப் பாருங்கள். அங்கே பெரிய கோயிலில் வன்னியக் கிறித்தவர் கை ஓங்கியிருந்தது. தலித் கத்தோலிக்கர் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கச் சொல்லிக் கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியர் தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள்.

“பிரிஞ்சு போனா நீங்களும் சுவர் கட்டுற மாதிரிதானே?” என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லைங்க. பங்கு என்றால் பாகம். ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாண ஓலை, சாவுப் பாதை, தேர் வருகிற தெரு, காணிக்கைக் கணக்கு — இதிலெல்லாம் பாகம். வடக்கன்குளத்தில் சுவர் கேட்டவன், உன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றான். எறையூரில் பங்கு கேட்டவன், உட்கார இடம் கொடுக்காவிட்டால் என் பாகத்தைப் பிரித்துக் கொடு என்றான். இரண்டும் ஒன்றா?

2016 டிசம்பரில் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள்ளே தீண்டாமை இருக்கிறதைத் தன் கொள்கை அறிக்கையில் ஒத்துக்கொண்டது. உங்க பங்கில் அதை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசித்தார்களா? வாசிக்கவில்லை என்றால் போய்க் கேளுங்கள்.