கரையாத நெறி



முத்தாண்டிக்குப்பம் பக்கத்து முந்திரித் தோப்பில் வேலை செய்கிறவருக்குக் காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால், தொடை இடுக்கில் நெறி கட்டும். புண் ஆறினால் நெறியும் கரைந்துவிடும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. புண் எதுவும் இல்லாமல் கழுத்திலும் அக்குளிலும் கிளம்பி, வலிக்காமல், மூன்று நான்கு வாரமாகியும் கரையாமல் நிற்கிறதே ஒரு நெறி, அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். வலி இல்லை என்பதாலேயே பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். அது லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கக்கூடும்.

இந்த நோய்க்கும் கிருமிகளுக்கும் தொடர்பு உண்டென்று முதலில் காட்டிக்கொடுத்தவர்கள் ஆப்பிரிக்கக் குழந்தைகள். உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் கட்டிகளைப் பற்றி 1958-இல் எழுதினார். அந்தக் கட்டிகளின் செல்களுக்குள் ஒரு வைரஸ் இருப்பதை எப்ஸ்டீன், அச்சாங், பார் என்ற மூவரும் லண்டனில் 1964-இல் கண்டார்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்று அதற்குப் பெயர். எச்சில் வழியாகப் பரவும். உலகத்தில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அது உடம்பில் உண்டு. எனக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும். அத்தனை பேருக்கும் புற்றுநோய் வந்துவிடுகிறதா? இல்லை. காய்ப்புக் காலத்தில் தோப்புக்குக் காவல் போடுவதுபோல, டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் அந்த வைரஸ் குடியிருக்கும் செல்களை வாழ்நாள் முழுக்கக் கண்காணிக்கின்றன.

அந்தக் காவல் தளரும்போதுதான் ஆபத்து. எச்.ஐ.வி. அழிப்பது டி செல்களைத்தான். அதனால் அந்தத் தொற்று உள்ளவர்களுக்கு லிம்போமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். 2004 ஏப்ரல் முதல் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை உள்ளிட்ட அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய கூட்டு மருந்தை விடாமல் சாப்பிட்டால் இந்த ஆபத்து பெருமளவு குறைகிறது. மருந்தை இடையில் விடாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊரில் வேறொரு சிக்கல் உண்டு. கழுத்தில் நெறி, சாயங்காலக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல்: காசநோயும் இப்படித்தான் வரும், லிம்போமாவும் இப்படித்தான் வரும். காசநோய் அதிகம் உள்ள நாடு என்பதால், திசுவைச் சோதிக்காமலே காசநோய் மாத்திரை தொடங்கிவிடுவதும் நடக்கிறது. மாதங்கள் வீணாகின்றன. ஊசியில் உறிஞ்சிப் பார்ப்பது மட்டும் சில சமயம் போதாது. ஒரு நெறியை முழுதாக எடுத்துப் பயாப்ஸி செய்தால்தான் எந்த வகை என்று தெளிவாகத் தெரியும். கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொல்வார்கள். அது உண்மையல்ல. புதுச்சேரி ஜிப்மரிலும் அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் இந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. ஹாட்ஜ்கின் என்கிற வகை வந்தவர்களில் பெரும்பாலோர் முழுமையாகக் குணமாகிறார்கள்.

வைரஸ் மட்டுமல்ல, பாக்டீரியாவும் இந்த நோயைத் தூண்டலாம். இரைப்பையில் வரும் ஒருவகை லிம்போமா ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவால் தூண்டப்படுகிறது. தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால், பலருக்கு அந்தக் கிருமியைக் கொல்லும் மாத்திரைகளிலேயே கட்டி மறைந்துவிடுகிறது.

கடைசியாக, முடக்குவாதம் உள்ளவர்களுக்கும், கண்ணும் வாயும் வறண்டுபோகும் ஷோக்ரன் நோய் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. உடம்பு தன்னையே எதிர்த்துப் போராடும் இந்த நோய்களில் பி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் ஓய்வில்லாமல் பெருகுகின்றன. பெருகப் பெருக, மரபணுவில் பிழை நேரவும் இடமாகிறது. அதனால் லிம்போமா வாய்ப்பு முடக்குவாதத்தில் சற்றுக் கூடுதல், ஷோக்ரன் நோயில் அதைவிடவும் கூடுதல். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சாப்பிடும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோய் அடங்காமல் இருப்பதே ஆபத்தைக் கூட்டும். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களும் மருந்தைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. புதிதாக நெறி ஏதாவது தென்பட்டால், பழைய மருந்துச் சீட்டுகளையும் கையோடு எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.