கணினிக் கணக்கிற்குக் காப்பு

ஊரை விட்டு வந்து அயல் மாநிலத்தில் கடை வைத்து வாழும் நம்மவர்க்கு, முதல் என்பது கல்லாப் பெட்டியிலுள்ள பணம் மட்டும் அன்று. யார் எவ்வளவு தரவேண்டும், யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று கூறும் கணக்கும் முதலே ஆகும். நம் முன்னோர் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதி, பின்னர்ப் பேரேட்டில் பெயர்த்தெழுதினர். ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்றைக் கொண்டு பெரும்பகுதியை மீட்க இயன்றது. இன்றோ சிட்டை, பேரேடு, சரக்கு இருப்பு, வாடிக்கையாளரின் தொலைபேசி எண் யாவும் ஒரே கணினிக்குள் அடங்கிவிட்டன. வசதி பெரிதுதான்; ஆயினும் அந்த ஒன்று போனால் அனைத்தும் போய்விடும்.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளை மும்பைவாழ் தமிழர் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மித்தி ஆறு கரைபுரண்டு குர்லாப் பகுதிக்குள் புகுந்தது. அங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருந்த நண்பர் ஒருவர், வாரந்தோறும் தவறாது கணக்கைக் குறுந்தகட்டில் படியெடுத்து வந்தவர். ஆனால் அத்தகடுகளை அவர் கணினி மேசையின் இழுப்பறையிலேயே வைத்திருந்தார். கணினியும் தகடுகளும் ஒரே சேற்றில் மூழ்கின. வெள்ளம் வடிந்தபின் இரும்பைத் துடைத்து விற்றார். வரவேண்டிய கடனை வசூலிக்கத்தான் வழி இல்லை. நேர்மையாளர் தாமே வந்து கொடுத்தனர். ஏனையோரிடம் காட்டுவதற்கு அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது யாது? படியெடுப்பது வேறு, எடுத்த படியைக் காப்பது வேறு. இத்துறை வல்லுநர் இதற்கு எளியதொரு விதியைக் கூறுவர். கணக்கு மூன்று படிகளாக இருக்கவேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில் இருக்கவேண்டும். கடையிலுள்ள கணினி முதற்படி. கழற்றி மாட்டக்கூடிய ஹார்டு டிஸ்க் இரண்டாம் படி. இணையச் சேமிப்பகத்தில் வைப்பது மூன்றாம் படி. இணைய வசதி குறைவாயின், மற்றொரு டிஸ்கில் படியெடுத்து வீட்டிலே வைக்கலாம். பொங்கலுக்கு ஊருக்குச் செல்லுங்கால் ஒரு படியை உடன்பிறந்தார் இல்லத்தில் வைத்துவிட்டு வருவதும் நன்றே. ஆனால் அதையே நம்பியிருத்தல் ஆகாது. ஓராண்டுப் பழமையான படியால் ஓராண்டுக் கணக்கு மீளாது.

நீரும் நெருப்பும் மட்டுமே பகை என்று எண்ணவேண்டா. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீநிரல் பல நாடுகளிற் பரவி, கணினிகளிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இத்தகைய நிரல், கணினியோடு இணைந்திருக்கும் டிஸ்கையும் விட்டுவைப்பதில்லை. ஆதலின் படியெடுத்தவுடன் டிஸ்கைக் கழற்றிவிடுதல் வேண்டும். இணையச் சேமிப்பகத்திலும் ஒரு நுட்பம் உண்டு. கடையில் அழித்த கோப்பு அங்கும் தானே அழிந்துபோகுமாயின், அது நிழலே அன்றிக் காப்பு அன்று. பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் ஏற்பாடு அதில் உண்டா என்று கேட்டறிந்து கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தபின் பலரும் விட்டுவிடுவது ஒன்றுண்டு, அதுவே சோதனை. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தார் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் படத்தைத் தயாரித்து வந்தபோது, தவறான ஓர் ஆணையால் அதன் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் படி இருக்கிறதே என்று தேடினால், அது சரிவர இயங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கைக்குழந்தையின் பொருட்டு வீட்டிலிருந்து பணிபுரிந்த பெண்மணி ஒருவரின் கணினியில் இருந்த படியே அவர்களைக் காத்தது. பெரிய நிறுவனத்திற்கே இந்நிலை எனில், சிறு கடைக்காரர் எவ்வளவு விழிப்போடு இருத்தல் வேண்டும்!

இது நம் நலம் மட்டுமன்று, சட்டமும் கேட்பது. சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவு செய்துகொண்ட வணிகர், அவ்வாண்டுக்குரிய ஆண்டறிக்கையின் கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்கைப் பாதுகாக்கவேண்டும். மின்னணு முறையில் கணக்கு வைப்போர், விபத்தாலோ இயற்கையாலோ அது அழிந்தாலும் நியாயமான காலத்திற்குள் மீட்கும் வகையில் காப்புப் படி வைத்திருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகளுள் 57ஆவது விதி கூறுகிறது.

நேயர்களே, இரவு கடையை அடைக்கும்போது நாம் பூட்டிவிட்டு வாளா திரும்புவதில்லை. பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்த பின்னரே படியிறங்குகிறோம். கணக்கிற்கும் அதுவே முறை. நாள்தோறும் படியெடுங்கள். மாதம் ஒருமுறை அப்படியை வேறொரு கணினியில் திறந்து, சென்ற வாரத்துக் கடன் பற்று ஒன்றைத் தேடிப் பாருங்கள். அது கண்ணில் பட்டால், அன்றிரவு நிம்மதியாக உறங்கலாம்.