விறகும் அபராதமும்



ஒரு காடு எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் அது எத்தனை நாளைக்கு நிற்கும்? "நான் விட்டுவைத்தால் அடுத்தவன் வெட்டிக்கொண்டு போவான்" என்று எண்ணி, ஆளாளுக்கு வெட்டித் தீர்த்துவிடுவார்கள் என்பது பலருடைய கருத்து. அமெரிக்க அறிஞர் காரட் ஹார்டின் 1968-ஆம் ஆண்டில், பொது மேய்ச்சல் நிலத்தை உதாரணங் காட்டி இதையே எழுதினார். அப்படியானால் அபராதம் விதித்தால் சரியாகிவிடுமல்லவா?

மனித மனம் அவ்வளவு சுலபமான கணக்கன்று.

தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியாவில், மூன்று சிற்றூர்களில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. விறகுக்குப் போய்வந்த தோட்டப்புற நேயர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஊராரை எட்டெட்டுப் பேராக உட்காரவைத்தார்கள். விறகு சேர்க்க எத்தனை மாதம் செலவிடுவார் என்பதை ஒவ்வொருவரும் பிறருக்குத் தெரியாமல் தாளில் குறிக்க வேண்டும். கூடுதலாகக் குறித்தால் அவருக்கு இலாபம். ஆனால் மண் அரித்து, ஆற்று நீர் கலங்குவதால் எட்டுப் பேருக்கும் நட்டம். முடிவில் கணக்குப்படி உண்மையான பணமே கொடுக்கப்பட்டது.

சில சுற்றுகளுக்குப் பிறகு, ஒரு சாராரைத் தங்களுக்குள் பேசிக்கொள்ள விட்டார்கள். மற்றொரு சாராருக்கு வெளியிலிருந்து ஒரு சட்டம் வந்தது: அளவு மீறினால் அபராதம். ஆனால் ஒருவர் சோதனையில் அகப்பட 16-இல் 1 பங்கு வாய்ப்புத்தான்.

அபராதம் வந்தவுடன் விறகு குறைந்தது. சுற்றுகள் செல்லச் செல்ல மறுபடியும் ஏறிற்று. "ஊருக்கு நட்டமாகுமே" என்ற எண்ணம் போய், "அகப்பட்டால் கட்டிவிடலாம்" என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இதற்கு உளவியலார் கூறும் காரணம் என்ன? எட்வர்ட் டெசி என்பவர் 1971-இல், கட்டைகளை இணைக்கும் புதிரை மாணவர்களிடம் கொடுத்தார். சிலருக்குக் காசு கொடுத்து, பிறகு நிறுத்தினார். காசு நின்றதும், ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரைத் தொடுவது முன்னைவிடக் குறைந்தது. தானாக விரும்பிச் செய்ததற்கு வெளியார் ஒரு விலை வைத்தால், உள்ளிருந்த விருப்பம் ஒதுங்கிக்கொள்கிறது.

அபராதமே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஊராரைக் கேளாமல் வந்து, கண்காணிப்பும் இல்லாத அரைகுறைச் சட்டந்தான் கெடுதல் செய்கிறது.

பேசிக்கொண்ட குழுக்களுக்கு எவரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. பேசி முடித்த பிறகும் அவரவர் தாளை மறைத்தே எழுதினார்கள். ஆயினும் சராசரியாகக் கூடுதல் பணத்துடன் வீடு திரும்பியவர்கள் அவர்களே.