தேநீரில் எத்தனை கரண்டி சீனி?



பிள்ளைகளுக்கு நலக்கல்வி சொல்லிக் கொடுப்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். சோற்றுக்கு முன் கை கழுவு, நகத்தை வெட்டு என்று நாம் எல்லாரும் படித்த பாடம்தானே, அதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பயிற்சிக் கல்லூரியில் படித்ததைக் கரும்பலகையில் எழுதுவேன், பிள்ளைகள் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள், மணி அடிக்கும், அதோடு பாடம் முடிந்தது.

என் தங்கை சிங்கப்பூரில், பூன் லே வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். ஜொகூரில் உள்ள எங்கள் தோட்டத்திலிருந்து அங்கே போக, 1998இல் இரண்டாம் பாலம் திறந்த பிறகு, அதிக நேரம் ஆவதில்லை. குடிநுழைவில் கூட்டம் இல்லாவிட்டால் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூன் லே என்பது ஓர் ஆளின் பெயர். சியூ பூன் லே என்ற சீன வணிகர், 1852இல் பிறந்து 1933இல் இறந்தவர், ஜூரோங் பக்கத்தில் மிளகும் காம்பியரும் பயிரிட்டு, பிறகு ரப்பரும் போட்டார். ஆக, அதுவும் ஒரு காலத்தில் நம்மைப்போல் தோட்டக்காடுதான். 1961க்குப் பிறகு ஜூரோங்கில் தொழிற்பேட்டை வந்தது, வீடுகள் வந்தன, 1990இல் ரயில் நிலையமும் வந்தது. இன்று பால்மரத்தைத் தேடினாலும் கண்ணில் படாது.

அங்கே போயிருந்தபோது ஒரு நாள் சாயங்காலம் தங்கை மகன் சமையலறை மேசையில் கடை விரித்திருந்தான். உயர்நிலை ஒன்றில் படிக்கிற பையன். குடித்து முடித்த பொட்டலங்கள், டின்கள், போத்தல்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கண்ணாடிக் கிளாஸில் சீனியைக் கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். "என்னடா, சீனியை வீணாக்குகிறாய்?" என்றேன். "பள்ளிக்கூட வேலை பெரியம்மா" என்றான். அங்கே உயர்நிலைப் பள்ளியின் கீழ்வகுப்புகளில் உணவையும் நுகர்வோர் அறிவையும் சேர்த்து ஒரு பாடம் இருக்கிறது. ஆண்பிள்ளைகளும் படிக்கிறார்கள், சமைக்கிறார்கள். (இதைக் கேட்டு நம் தோட்டத்து ஆண்கள் சிலர் சிரிப்பது என் காதில் விழுகிறது.)

பொட்டலத்தில் என்ன போட்டிருக்கிறது என்று அவன் எனக்குப் படித்துக் காட்டினான். 100 மில்லிலிட்டருக்குச் சீனி 11 கிராம். பொட்டலம் 250 மில்லி. அப்படியானால் இருபத்தேழரை கிராம். ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 5 கிராம். கணக்குப் போட்டால் ஐந்தரைக் கரண்டி. கிளாஸின் அடியில் வெள்ளையாக நின்ற அந்தச் சீனியைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஓடிப்போய் வாங்கி வருகிறோமே, அந்தப் பொட்டலம்தான்!

சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலத்தில் விற்கும் பானங்களுக்கு 'நியூட்ரி-கிரேட்' என்று தரம் பிரித்திருக்கிறார்கள். ஏ, பி, சி, டி என்று நான்கு எழுத்து. 100 மில்லியில் சீனி 1 கிராமுக்கு மேல் போகாமல், வேறு இனிப்பூட்டியும் சேராமல் இருந்தால் ஏ. 5 கிராம் வரை பி, 10 வரை சி, அதற்கும் மேல் போனால் டி. கெட்ட கொழுப்பையும் இதே மாதிரி கணக்கில் எடுக்கிறார்கள். சி, டி வாங்கியவை அந்த எழுத்தை முகத்தில் ஒட்டிக்கொண்டுதான் கடைக்கு வரவேண்டும். டி வாங்கியதற்கு விளம்பரமும் செய்யக்கூடாது. ஒரு வருடம் கழித்து, கடையில் கலக்கிக் கொடுக்கும் பானங்களுக்கும் இதைக் கொண்டுவந்தார்கள். சட்டம் வரப்போகிறது என்றதுமே கம்பெனிகள் தாமாகச் சீனியைக் குறைக்கத் தொடங்கிவிட்டன. 2017இல் 7.1 விழுக்காடாக இருந்த நடுத்தர அளவு 2023இல் 4.6 விழுக்காட்டுக்கு இறங்கியது.

ஏன் இவ்வளவு பாடு? 2016இல் அந்த நாட்டு அரசாங்கம் நீரிழிவு நோயின்மேல் போர் என்றே அறிவித்தது. 2017 தேசிய தினப் பேருரையில் பிரதமராக இருந்த லீ சியன் லூங் சொன்ன கணக்கைக் கேளுங்கள். ஒன்பது பேரில் ஒருவருக்கு இந்த நோய். அறுபது வயதைத் தாண்டியவர்களில் பத்துக்கு மூன்று பேர். அதே வயது இந்தியர்களை மட்டும் எடுத்தால் பத்துக்கு ஆறு பேர்! நம் பக்கமும் இந்த விஷயத்தில் நம்மவர்கள்தான் முன்வரிசை.

எனக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை. என் அப்பா பால்மரம் வெட்டியவர். இனிப்புநீர் என்று சொன்னார்கள், அவர் பொருட்படுத்தவில்லை. சீனி இரத்தத்தில் பல வருடம் கூடுதலாகவே இருந்தால் காலின் நரம்புகள் மரத்துப்போகும், இரத்த ஓட்டமும் குறையும். வெறுங்காலோடு நடந்தவருக்கு முள் ஏறியது தெரியவில்லை. பார்த்தபோது புண் பெரிதாகி இருந்தது. முதலில் விரல், பிறகு முழங்காலுக்குக் கீழே. நான் அப்போது பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். நலக்கல்வித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய மகள் வீட்டில் இருந்தும், அப்பாவின் பாதத்தை ஒரு நாள்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

பூன் லேயிலிருந்து திரும்பியதும் என் வகுப்பில் அதே பாடத்தை நடத்தினேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளோடு, சாயங்காலம் டியூஷனுக்கு வரும் படிவம் ஒன்று, இரண்டு பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். காலிப் பொட்டலம் கொண்டு வரச் சொன்னேன். கணக்குப் பாடத்தில் ஓடி ஒளிகிற பையன்கள்கூட விழுந்து விழுந்து பெருக்கினார்கள். எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலையில் ஒரு தாய் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். முகம் சிவந்திருந்தது. "டீச்சர், விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து டீ கலக்கிக் கொடுத்தால், 'அம்மா, நீ எனக்கு விஷம் கொடுக்கிறாய், டீச்சர் சொன்னாங்க' என்கிறான். நான் விஷமா கொடுக்கிறேன்? அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் டீச்சர் நான் பத்து மணி வரைக்கும் குனிந்து நிமிர்கிறேன்" என்றார்.

விஷம் என்ற சொல்லை நான்தான் வகுப்பில் சொன்னேன். ஒரு வேகத்தில் சொன்னது. மன்னிப்புக் கேட்டேன்.

அன்றிரவு தங்கைக்குப் போன் செய்து இதைச் சொன்னபோது அவள் வீட்டுக்காரர் ஒரு பழைய கதை சொன்னார். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். உடல் பருத்த பிள்ளைகளைத் தனியே பிரித்து, கூடுதல் ஓட்டம், கூடுதல் பயிற்சி. எடை கூடிய பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது என்னவோ உண்மை. ஆனால் திட்டத்தின் பெயரைச் சுருக்கினால் டி-ஏ-எஃப் என்று வரும். "அதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள் அக்கா" என்றார். எஃப்-ஏ-டி! குண்டு என்று அர்த்தம். பிள்ளைகள் சும்மா விடுவார்களா? கேலி தாங்காமல் பலர் குமுறினார்கள். 2007இல் அதை விட்டுவிட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக நலம் சொல்லிக் கொடுக்கும் முறைக்கு மாறினார்கள். அவ்வளவு படித்தவர்கள் கூடிச் செய்த காரியத்திலேயே இது நடந்தது என்றால் நான் எம்மாத்திரம்?

அடுத்த வாரம் வேறு மாதிரி தொடங்கினேன். வகுப்பில் முதலில் அளந்தது என் தேநீரை. நான் வழக்கமாகப் போடுவது கெட்டிப்பால் இரண்டு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 40 கிராம். கெட்டிப்பாலில் பாதிக்கும் மேல் சீனிதான். ஆக அதிலேயே நாலு தேக்கரண்டி. அதற்கு மேல் ருசிக்கு ஒரு கரண்டி வேறு. "டீச்சர், நீங்களா!" என்று வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னபடி, பெரியவர் ஒருவர் இப்படிச் சேர்க்கும் சீனி நாளைக்கு 50 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும், 25க்குள் நின்றால் இன்னும் நல்லது. என் பங்கு காலை எட்டு மணிக்கே காலி.

அந்தத் தாயையும் வகுப்புக்கு அழைத்தேன். மிகவும் தயங்கித்தான் வந்தார். அவர்தான் வழி சொன்னார்: "ஒரே நாளில் நிறுத்தினால் யாரும் குடிக்கமாட்டார்கள் டீச்சர். வாரத்துக்கு அரைக் கரண்டி குறைக்கலாம், இஞ்சி தட்டிப் போட்டால் வித்தியாசம் தெரியாது." அவர் மகன் அதை ஏட்டில் எழுதிக்கொண்டான். காலைப் பசிக்கு டீயை மட்டும் நம்பாமல் ஒரு முட்டையோ, அவித்த கடலையோ கொண்டு போகலாம் என்று நான் சொன்னேன். ஏற்கெனவே இனிப்புநீருக்கு மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வேலைக்காட்டில் உடம்பு நடுங்கி வியர்த்துக் கொட்டினால் சீனி ரொம்பக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது இனிப்பு உடனே வாயில் போடத்தான் வேண்டும். பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

சில நாள் கழித்து அந்த அம்மாள் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதித்தார். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான். வெறும் வயிற்றில் 7க்கு மேல் இருந்தால் நோய் என்று சந்தேகித்து மறுபடியும் பார்ப்பார்கள். அவருக்கு 8.2. மறுமுறையும் ஏறக்குறைய அதுவே. இப்போது மருந்து சாப்பிடுகிறார், காலணி போட்டுக்கொண்டு காட்டுக்குப் போகிறார். இரவில் அவருடைய பாதத்தைக் கைவிளக்கு அடித்துப் பார்ப்பது மகனின் வேலை. விரல் இடுக்கையும் விடுவதில்லையாம்.

அந்தத் தாய் என்னை ஒரு கேள்வி கேட்டார். "நீங்க எப்போ டீச்சர் இரத்தம் பார்த்தீங்க?"

அப்பாவுக்கு அப்படி ஆன பிறகும், நாற்பது வயதைத் தாண்டியும், நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அடுத்த வாரமே இருவரும் ஒரே பஸ்ஸில் போனோம். எனக்கு 6.4 என்று வந்தது. நோய் இல்லை, வாசற்படியில் நிற்கிறேன் என்றார் டாக்டர். என் தேநீரில் இப்போது கெட்டிப்பால் அரைக் கரண்டி. வெள்ளிக்கிழமைதோறும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.