வற்றும் வளமும் வற்றா வளமும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் எரிபொருளைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நம் மக்களிடையே கல்வியின் வரலாறு விளக்கின் வரலாற்றோடு பிணைந்ததாகும். ஊர்த்தெருவில் மின்கம்பம் நட்டு ஆண்டுகள் பல கழிந்த பின்னரே நம் தெருவுக்குக் கம்பி வந்தது என்பதை இங்குள்ள பெரியோர் அறிவர். சிம்னி விளக்கின் புகையில் கண் எரியப் படித்தவர்களும், பச்சை விறகை ஊதி ஊதி நெஞ்சு கரித்த தாய்மார்களும் நம்மிடையே அமர்ந்திருக்கின்றனர். ஆதலின் ஆற்றல் எங்கிருந்து வருகிறது, எத்தனை காலம் வரும், அதன் பயன் யாருக்கு, அதன் கேடு யாருக்கு என்னும் வினாக்கள் நமக்கு அயலானவை அல்ல.

அண்ணல் அம்பேத்கர் இவ்வினாக்களை முன்னமே எழுப்பியவர். 1942 முதல் 1946 வரை அவர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, மின்சாரமும் நீர்ப்பாசனமும் அவர் பொறுப்பில் இருந்தன. மலிவான மின்சாரம் ஏராளமாகக் கிடைக்காமல் தொழில் வளராது, தொழில் வளராமல் வறுமை ஒழியாது என்பதை அவர் 1943இல் கூடிய மின்சாரக் கொள்கைக் குழுவில் வலியுறுத்தினார். பின்னர் 1948இல் அமைந்த தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்திற்கு அடித்தளமிட்டோருள் அவரும் ஒருவர். அரசியல் சட்டத்தின் சிற்பி என்று அவரைப் போற்றும் நாம், மின் திட்டங்களின் முன்னோடி என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆற்றல் வளங்களை இரு வகையாகப் பிரிப்பர். எடுக்க எடுக்கக் குறைந்து, மீண்டும் உண்டாக மனிதர் காத்திருக்கவியலாத காலம் பிடிப்பவை வற்றும் வளங்கள். நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு, யுரேனியம் ஆகியவை இவ்வகையின. பயன்படுத்தும் வேகத்திலேயே இயற்கை மீண்டும் தருபவை வற்றா வளங்கள். கதிரவன் ஒளி, காற்று, ஓடும் நீர், சாண எரிவாயு முதலியன இவ்வகையின. இவற்றைப் புதுப்பிக்கத்தக்க வளங்கள் என்று பாடநூல்கள் கூறும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். வற்றாதது என்றாலே தீங்கற்றது என்று பொருளன்று. விறகும் மீண்டும் வளர்வதே. ஆனால் வளரும் அளவை மீறி வெட்டினால் காடு அழியும். அளவோடு வெட்டினாலும் அதன் புகை அடுக்களையில் நிற்பவரின் நுரையீரலைக் கெடுக்கும். அதுபோலவே அணுமின்சாரம் புகையற்றது. ஆயினும் அதன் மூலப்பொருள் வற்றக்கூடியது, அதன் கழிவோ நெடுங்காலம் காக்கப்பட வேண்டியது.

முதலில் வற்றும் வளத்தைக் காண்போம். நம் நாட்டு நிலக்கரியின் பெரும்பகுதி ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் மண்ணில் புதைந்த தாவரங்களிலிருந்து உண்டானது. அத்தனை காலம் சேர்ந்த செல்வத்தைச் சில நூற்றாண்டுகளில் எரித்துத் தீர்க்கிறோம். இன்றும் இந்தியாவின் மின் உற்பத்தியில் பெரும்பங்கு நிலக்கரியினுடையதே. ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது. ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வானில் கலக்கிறது. நம் நிலக்கரியில் சாம்பல் மிகுதி. நூற்றுக்கு முப்பது பங்குக்கும் மேல் சாம்பலாவது பொதுவானது. அச்சாம்பலும் தூசியும் எங்கே விழுகின்றனவோ, அங்கே பெரும்பாலும் ஏழைகளே குடியிருக்கின்றனர்.

எனினும் அதன் பயனை மறுப்பது நேர்மையாகாது. நெய்வேலியில் 1956இல் நிறுவனம் தொடங்கப்பெற்று, 1962இல் மின் உற்பத்தி ஆரம்பமாயிற்று. நிலக்கரிச் சுரங்கம் இல்லாத தமிழகத்திற்கு அந்தப் பழுப்பு நிலக்கரி பெருந்துணையாயிற்று. இரவும் பகலும், காற்றுள்ள நாளும் காற்றில்லா நாளும், தேவைக்கேற்ப மின்சாரம் தரவல்லது அனல்மின் நிலையம். அதன் வலிமை இதுவே.

இனி வற்றா வளத்திற்கு வருவோம். நீலகிரியின் பைக்காராவில் 1932இலேயே நீர்மின் உற்பத்தி தொடங்கியது. ஆனால் மழை பொய்த்தால் அணை வறளும், மின்சாரமும் குறையும். காற்றாலை நம் நாட்டில் 1986ஆம் ஆண்டு வாக்கில் சோதனை முறையில் நிறுவப்பட்டது; அவ்விடங்களுள் தூத்துக்குடியும் ஒன்று. இன்று தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியுள்ளது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்காகும். எனவேதான் மே முதல் செப்டம்பர் வரை நிறைவாகத் தரும் காற்றாலை, ஏனைய மாதங்களில் தளர்ந்துவிடுகிறது.

கதிரவன் ஒளியிலிருந்து மின்சாரம் எடுப்பதோ அண்மைக் காலம் வரை செல்வர் வீட்டுப் பொருளாக இருந்தது. 2010இல் நடந்த ஏலங்களில் ஒரு யூனிட் 10 ரூபாய்க்கும் மேல் விலை கூறப்பட்டது. 2017இல் இராஜஸ்தானின் பாட்லாவில் அது 2 ரூபாய் 44 காசாக இறங்கிற்று. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தது. எரிபொருள் செலவில்லை, புகையில்லை. ஆனால் நாம் விளக்கேற்றும் நேரத்தில் கதிரவன் இல்லை! ஆகவே சேமிப்பு இன்றியமையாதது. மின்கலங்கள் ஒரு வழி. மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது மற்றொரு வழி. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் திறனில் இம்முறை கையாளப்படுகிறது.

இவ்வாறு ஒப்பிடுங்கால், இருப்பிலும் தூய்மையிலும் எரிபொருள் செலவிலும் வற்றா வளம் மேலானது. வேண்டிய பொழுதில் கிடைப்பதில் வற்றும் வளம் இன்னும் முந்தி நிற்கிறது. காலப்போக்கில் நாடு வற்றா வளத்தின் பக்கம் திரும்புவது உறுதி. அத்திருப்பத்தை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் அன்பர்களே, இரண்டிற்கும் பொதுவான ஒன்று உண்டு. அதுதான் நிலம். சுரங்கத்திற்கும் நிலம் வேண்டும், அணைக்கும் நிலம் வேண்டும், சூரியத் தகடு பரப்புவதற்கும் நிலம் வேண்டும். கமுதி நிலையம் மட்டுமே ஏறத்தாழ 2,500 ஏக்கரில் பரந்துள்ளது. நிலம் கைமாறும்போது பட்டாதாரர் விலை பெறுவார். அந்நிலத்தில் தலைமுறையாகக் களை பறித்தவர், கதிர் அறுத்தவர், ஆடு மேய்த்தவர் என்ன பெறுவார்? அவர்களுள் பெரும்பாலோர் நம்மவர் அல்லரோ!

1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமையுள்ளோரையே கருதியது. கூலிக்கு உழைத்தோரைக் கருதவில்லை. 2014 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டமோ, நிலமில்லாவிடினும் மூன்றாண்டுகள் அந்நிலத்தை நம்பிப் பிழைத்த கூலியாளர், குத்தகையாளர் குடும்பங்களையும் பாதிக்கப்பட்டோர் என ஏற்கிறது. இது பெரிய மாற்றம். ஆயினும் தனியார் நேரடியாக விலை பேசி வாங்கும் நிலங்களில் இப்பாதுகாப்பு எளிதில் கிட்டுவதில்லை. செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் அறிக்கையின் பயனாக 1892இல் பிறந்த ஆணையின்படி நம் முன்னோர்க்கு வழங்கப்பெற்ற பஞ்சமி நிலங்கள் எவ்வாறு பிறர் கைக்குப் போயின என்பதை நாம் மறக்கலாகாது. காற்றும் கதிரும் வற்றா. கையைவிட்டுப் போன நிலம் எளிதில் திரும்பாது.

எனவே இளைஞர்களே, உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறோம். உங்கள் ஊரில் எந்த மின் திட்டம் வந்தாலும், கிராம 'அ' பதிவேட்டைப் பார்த்து நிலத்தின் தன்மையை அறியுங்கள். கிராம சபையில் எழுந்து நின்று வினவுங்கள். இது முதலாவது. இத்துறையைக் கற்றுத் தேறுங்கள் என்பது இரண்டாவது. ஐ.டி.ஐ.களில் எலெக்ட்ரீஷியன், சோலார் டெக்னீஷியன் பிரிவுகள் உள்ளன. சென்னை பள்ளிக்கரணையில் 1998 முதல் காற்றாற்றலுக்கென்றே தேசிய ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. சுரங்கத்தில் மண் சுமக்கும் ஒப்பந்தக் கூலி வேலையே நம் பங்கு என்றிருந்த காலம் போகட்டும். சூரியத் தகட்டைத் துடைப்பதும் காவல் காப்பதும் மட்டுமே நம் பங்கு என்ற நிலை புதிய காலத்திலும் தொடரலாகாது. வடிவமைக்கும் பொறியாளராகவும், இயக்கும் வல்லுநராகவும், கூட்டுறவு அமைத்து நடத்தும் உரிமையாளராகவும் நம் பிள்ளைகள் உயர வேண்டும்.

இந்தக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக இரவுப் பாடசாலையில் ஏற்றிய விளக்கு எந்த எரிபொருளில் எரிந்தது என்று கேட்டால், பெற்றோர் தம் கூலியிலிருந்து பிடித்துக் கொடுத்த காசில் எரிந்தது என்போம். அக்கடனை அடைக்கும் வழி, ஆற்றலை வாங்குவோராக மட்டும் நில்லாது, ஆக்குவோராகவும் நாம் ஆவதே. அந்நாள் விரைவில் வருக என வாழ்த்தி அமர்கிறோம்.

வாழ்க அண்ணல் அம்பேத்கர் புகழ்! வளர்க நம் கல்விப் பணி! வணக்கம்.